வால்வை மாற்றும் முன்: ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரோடு பட்ட பாடு

வால்வு ஆம்ப்ளிஃபயர் (டிரான்சிஸ்டருக்குப் பதில், சூடாகி ஒளிரும் கண்ணாடிக் குழல்களான வால்வுகளால் பாட்டைப் பெருக்கும் கருவி) வைத்திருப்பவர்களும், ஒன்று வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் இதைப் படித்துவிட்டு அப்புறம் வால்வுக்குப் பணம் செலவழியுங்கள். ஒரு வருடத்துக்கு மேலாக வால்வுகளை மாற்றி மாற்றிக் கேட்டதில் ₹30,000-க்கு மேல் என் கையை விட்டுப் போனது. பணம் போனதைவிட, ராத்திரி பத்து மணிக்கு மேல் தனியாக உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் கேட்கும் கிழிசல் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் தவித்ததுதான் அதிகம் வலித்தது. கேட்க ஆளில்லை. ரேடியோ ரிப்பேர் தெரிந்தவர்கள் ஒரு காலத்தில் வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். இப்போது அந்தக் கடைகளில் செல்போன் டிஸ்ப்ளே மாற்றுகிறார்கள்.

என் வீடு புது வண்ணாரப்பேட்டையில், எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, முதல் மாடி. இதை ஏன் சொல்கிறேன் என்றால் கடல் காற்று, கன்டெய்னர் லாரி, ராத்திரியில் ஏறும் வோல்டேஜ் மூன்றுமே வால்வு செட்டைத் தொடுகிற விஷயங்கள். நான் வாங்கியது யாரோ கையால் செய்த பழைய ஸ்டீரியோ செட், ₹36,000. சேனலுக்கு இரண்டு என, ஸ்பீக்கரை ஓட்டும் ஈஎல்84 பவர் வால்வுகள் நான்கு, அவற்றுக்கு முன்னால் சிக்னலைப் பெருக்க ஈசிசி83 வால்வுகள் நான்கு. சேனலுக்குப் பத்து வாட் வரும். எங்கள் சின்ன அறைக்கு அது தாராளம். அப்பா சேர்த்து வைத்த இசைத்தட்டுகள், நாதஸ்வரமும் வீணையும் பழைய சினிமாப் பாட்டுமாக, அலமாரி நிறைய இருக்கின்றன. செட்டைக் கொண்டுவந்த அன்று ஒரு வீணைத் தட்டைப் போட்டேன். நகம் தந்தியைத் தொடும் சின்னச் சத்தமும், அதற்குப் பின் மெல்லத் தேய்ந்து போகும் நாதமும் தனித்தனியாகக் கேட்டன. அதே தட்டை அதுவரை எத்தனையோ முறை கேட்டிருந்தும் அந்தத் தேய்வை நான் கவனித்ததே இல்லை. அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் பிறகு இத்தனை பாடும் பட்டேன்.

இரண்டு மூன்று மாதம் கழித்து வலது சேனலில் கோளாறு ஆரம்பித்தது. போட்டவுடன் நன்றாகப் பாடும். ஒரு மணி நேரம் ஆனால் நாதஸ்வரம் மேலே ஏறும் இடத்தில் சத்தம் கிழியும். அணைத்து ஆறவிட்டால் மறுபடி சரியாகிவிடும். செட்டை ஆட்டோவில் ஏற்றி ஒரு மெக்கானிக்கிடம் எடுத்துப் போனேன். அவர் அடித்தகட்டைக்கூடக் கழற்றாமல், "வால்வு வீக் சார், நாலையும் மாத்திடலாம்" என்றார். புது ஈஎல்84 நான்கு ₹7,200, கூலி ₹1,500. மாற்றியதும் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் சில வாரம்தான். மறுபடி அதே வலது பக்கம், அதே கிழிசல்.

சூடான பிறகு வருகிற கோளாறு, ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப வருகிற கோளாறு, இந்த இரண்டும் வால்வைத் தாண்டிப் பார்க்கச் சொல்கிற அடையாளங்கள். இதற்குக் காசே செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. செட்டை அணைத்து நன்றாக ஆறிய பிறகு, இடது பக்க வால்வுகளை வலதுக்கும் வலதில் உள்ளதை இடதுக்கும் மாற்றிப் போடுங்கள். கோளாறும் வால்வோடு இடம் மாறினால் வால்வுதான் காரணம். வலது பக்கத்திலேயே தங்கிவிட்டால் காரணம் செட்டுக்குள் இருக்கிறது. அந்த மெக்கானிக் இதைச் செய்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வால்வைப் பிடுங்கும்போது நேராக மேலே இழுங்கள், லேசாக மட்டும் அசையுங்கள். இந்தச் சின்ன ஒன்பது கால் வால்வுகளில் கால்கள் நேரே கண்ணாடிக்குள் பதிந்திருக்கும். பக்கவாட்டில் வளைத்தால் அடியில் மயிரிழை விரிசல் விட்டுக் காற்று புகுந்துவிடும். காற்று புகுந்தால் உச்சியில் கண்ணாடிக்கு உள்ளே மின்னும் வெள்ளிப்பூச்சு பால் வெள்ளையாக மாறியிருக்கும். அந்த வால்வை அதற்குமேல் செட்டில் செருகவே கூடாது.

எனக்கு அந்தச் சோதனை அப்போது தெரியாது. முன்வரிசை ஈசிசி83-தான் சரியில்லை, நல்ல முல்லார்டு ஜோடி போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று ஆலோசனை வந்தது. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் தொழிற்சாலையில் 1950, 60களில் செய்த முல்லார்டு ஈசிசி83-க்கு இன்றும் உலகம் முழுக்க மவுசு உண்டு. அதனாலேயே போலியும் அதிகம். வெளியூர் விற்பனையாளர் ஒருவரிடம் இரண்டு வால்வு ₹18,000 என்று பேசி, முழுப் பணமும் முன்கூட்டியே அனுப்பி, கூரியரில் வாங்கினேன். பெட்டி பழையது, பார்த்தால் ஆசை வரும். வால்வு ஒன்றில் உச்சிப் பூச்சின் ஓரம் பழுப்பேறி மெலிந்திருந்தது, கால்களில் பலமுறை சாக்கெட்டில் ஏறி இறங்கிய கீறல்கள். செட்டில் போட்டதும் இரண்டு ஸ்பீக்கரிலும் மழை பெய்வது போன்ற இரைச்சல். விற்றவர் அதன்பின் போனை எடுக்கவே இல்லை. அந்தத் தொகையை ரொம்ப நாள் வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

பழைய வால்வு வாங்குவதானால் மேலே அச்சடித்த பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அசல் வால்விலேயே அந்த எழுத்து விரல் பட்டால் அழிந்துவிடும். யார் வேண்டுமானாலும் புதிதாக அச்சடிக்கவும் முடியும். பிலிப்ஸ் குடும்பத்துத் தொழிற்சாலைகளில் செய்த வால்வுகளில், முல்லார்டும் அதில் சேர்த்தி, கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் சாம்பல் நிறத்தில் இரண்டு வரியில் சின்னக் குறியீடு பொறித்திருக்கும். பிளாக்பர்ன் என்றால் அதில் இரண்டாவது வரி 'பி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். என்னிடம் வந்தவற்றில் அப்படி எதுவுமே இல்லை. படத்தில் அந்தக் குறியீட்டைக் காட்டச் சொல்லுங்கள், வால்வைச் சோதிக்கும் டெஸ்டரில் வந்த அளவைக் கேளுங்கள், சரியில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுத்தில் வாங்குங்கள். மூன்றில் ஒன்றுக்குத் தயங்கினாலும் விட்டுவிடலாம்.

அடுத்து மறுபடி ஈஎல்84 நான்கு வாங்கி நானே போட்டேன். ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். வால்வின் நடுவே அதைச் சூடாக்கும் கம்பியான ஹீட்டர் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது இயல்புதான். ஆனால் வலது பக்கத்து வால்வு ஒன்றில், அதைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறப் பிளேட் தகட்டின் பக்கவாட்டில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மங்கலான சிவப்பு. ஹீட்டரின் வெளிச்சம் பட்டுத் தெரிகிறதோ என்று உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தேன். தகடேதான் சிவந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிவப்பு மேலும் கீழும் நீண்டது. ஜோடி வால்வின் தகடு சிவக்கவே இல்லை. பயந்துபோய் சுவிட்சை அணைத்தேன். அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

ஈஎல்84-ன் பிளேட் தாங்கக்கூடியது 12 வாட் சூடு. அதற்கு மேல் போனால்தான் தகடு சிவக்கும். அப்படியே விட்டால் வால்வு போவதோடு நிற்காது, பவர் டிரான்ஸ்ஃபார்மரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து கருகலாம், அவற்றைத் திரும்பச் சுற்றிக் கொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால் வால்வு செட் வைத்திருப்பவர்கள் எப்போதாவது விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு எல்லாப் பவர் வால்வுகளையும் ஒரு சுற்றுப் பாருங்கள்.

விசாரித்து விசாரித்து, மண்ணடியில் பழைய ரேடியோ பார்க்கும் ஒரு பாயிடம் போய்ச் சேர்ந்தேன். வயதானவர். கடை என்று சொல்ல முடியாது, மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை. நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "இன்னா தம்பி, வால்வ மாத்தி மாத்தி காச கரியாக்கினியே. ரெண்டாம் கால்ல வோல்டேஜ் பாத்தியா?" என்று கேட்டார். யாருமே அதுவரை கேட்காத கேள்வி. செட்டைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கினார், அணைத்துவிட்டு ஈஎல்84 நான்கையும் பிடுங்கினார், வால்வு இல்லாமலே செட்டை மறுபடி ஆன் செய்தார். மீட்டரின் கறுப்பு முனையைச் சேஸிஸில் மாட்டி, சிவப்பு முனையை வலது பக்கச் சாக்கெட் ஒன்றின் இரண்டாம் காலில், அதாவது வால்வுக்குள் சிக்னல் நுழையும் கிரிட்டில், வைத்தார். சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடம் அது. மீட்டர் 9 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் காட்டியது. இடது பக்கம் இரண்டிலும் ஒன்றுமில்லை.

ஈசிசி83-ன் பிளேட்டில் இருக்கும் இருநூறு சொச்சம் வோல்ட் டிசி, பவர் வால்வின் கிரிட்டுக்குப் போகாமல் தடுத்து, பாட்டை மட்டும் அனுப்புவதற்கு நடுவில் ஒரு கண்டன்சர் இருக்கிறது. என் செட்டில் அது பழைய காகிதக் கண்டன்சர். சூடானால் கசியும். கசிந்தால் கிரிட் பாசிட்டிவாகி, வால்வில் கரண்ட் தாறுமாறாக ஏறும். புது வால்வு அதைச் சில வாரம் தாங்கும், அப்புறம் அதுவும் போகும். வால்வைப் பிடுங்கிவிட்டு அளப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வால்வு இல்லாதபோதும் வோல்டேஜ் வந்தால் கண்டன்சர் கசிகிறது. வால்வைச் செருகினால் மட்டும் வந்தால் வால்வே கெட்டுவிட்டது. பாய் நான்கு கண்டன்சரையும் 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் வகையாக மாற்றினார். பொருள் ₹300, கூலி ₹500. வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு நிம்மதியும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. எண்ணூறு ரூபாய் வேலை அது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் செட்டுகளுக்குள் 300 வோல்ட் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய ஃபில்டர் கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து அளக்கச் சொல்லிப் பாருங்கள். பழக்கமுள்ளவர்களும் ஒரு கையைப் பையில் போட்டுக்கொண்டுதான் அளப்பார்கள். ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு செட்டைப் பாடவிடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கண்டன்சர் மாற்றிய பிறகும் இரண்டு விஷயம் மீதி இருந்தது. ஒன்று வீட்டு வோல்டேஜ். என் செட்டின் டிரான்ஸ்ஃபார்மர் 220 வோல்ட்டுக்குச் சுற்றியது. எங்கள் வீட்டில் மாலையில் 225 இருக்கும், நள்ளிரவில் 245 வரை ஏறும். கணக்குப் போட்டால் 6.3 வோல்ட் வர வேண்டிய ஹீட்டருக்கு 7 வோல்ட் போகிறது. பத்து சதவீதத்துக்கு மேல் கூடினால் வால்வின் ஆயுள் வேகமாகக் குறையும், அந்த எல்லை 6.93 வோல்ட்தான். நான் ராத்திரியில்தான் பாட்டுக் கேட்பேன் என்பதால் இது நேரடியாக என் வால்வுகளைத் தின்றுகொண்டிருந்தது. பாய் சொன்னபடி 24 வோல்ட் தருகிற சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினேன். கடைக்காரர்களே அதன் செகண்டரியை, அதாவது 24 வோல்ட் பக்கத்தை, மெயின்ஸுக்கு எதிர்ப்பக்கமாகத் தொடரில் சேர்த்து ஒரு பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். இப்போது 245 வரும்போது செட்டுக்கு 220-ஐ ஒட்டித்தான் போகிறது. மாலையில் வோல்டேஜ் குறைந்திருக்கும்போது பெட்டியைத் தாண்டிப் போக ஒரு சுவிட்ச் உண்டு. ரிலே வைத்த ஸ்டெபிலைசர் வேண்டாம், அது ஒவ்வொரு முறை மாறும்போதும் ஸ்பீக்கரில் டப்பென்று அடிக்கும்.

இரண்டாவது சாக்கெட். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தால் ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உதிர்கிறது, சாக்கெட்டுக்குள் இருக்கும் மெல்லிய தகடு என்ன ஆகும்? வால்வின் கால்களில் கறுப்பாகப் படலம் பிடிக்கும், சாக்கெட்டில் பச்சை பூக்கும். வால்வை லேசாகத் தொட்டால் கரகர என்றால் பாதி நேரம் காரணம் இதுதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் கால்களைத் துடைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கண்டன்சர்களில் வோல்டேஜ் மிச்சமில்லை என்று மீட்டரில் பார்த்த பிறகு சாக்கெட்டின் தளர்ந்த பிடிகளைக் குண்டூசியால் கொஞ்சம் நெருக்கி விட்டேன். போய்விட்டது என்று நான் ஒதுக்கி வைத்த இரண்டு ஈசிசி83 இதற்குப் பின் சுத்தமாகப் பாடின. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிறேன். வடசென்னையில் இருப்பவர்கள் புது வால்வு தேடும் முன் இதைச் செய்து பாருங்கள்.

சரி, இனி வால்வுகளின் ஒலி வித்தியாசம். செட் ஆரோக்கியமான பிறகுதான் இதைப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது. என்னிடம் அப்போது சேர்ந்திருந்தவை: ஸ்லோவாக்கியாவில் இன்றும் செய்கிற ஜேஜே ஈசிசி83, ரஷ்யாவின் சரத்தோவ் தொழிற்சாலையில் செய்தவை, மூர் மார்க்கெட்டில் பழைய ரேடியோக்களோடு சேர்த்துக் கிடைத்த பாரத் எலக்ட்ரானிக்ஸ் வால்வுகள், பாய் சில நாளைக்குக் கொடுத்த அசல் பிளாக்பர்ன் முல்லார்டு ஒன்று. பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1954-ல் பெங்களூரில் தொடங்கியது, 1960களில் நம் நாட்டு ரேடியோக்களுக்கு வால்வு செய்துகொடுத்தது. வீட்டுப் பரணில் பழைய ரேடியோ இருந்தால் தூக்கிப் போடும் முன் உள்ளே பாருங்கள், ஈஎல்84 இருக்க வாய்ப்பு உண்டு.

ஒப்பிட்டுக் கேட்பதில் நம்மை ஏமாற்றுவது சத்தத்தின் அளவு. ஒரு வால்வு கொஞ்சம் கூடுதலாகப் பெருக்கினாலே காது அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம், வால்வை ஆறவிட்டு மாற்றி மறுபடி சூடாக்கக் கால் மணி நேரம் ஆகிறது. அதற்குள் முன்பு கேட்டது மனதில் கலங்கிவிடும். அதனால் ஸ்பீக்கர் முனையிலிருந்து இரண்டு ரெசிஸ்டர் வழியாகக் குறைத்து, கணினியில் பதிவு செய்தேன். அதே தட்டு, அதே இடம், அரை மணி நேரம் சூடான பிறகு. எல்லாப் பதிவுகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். அக்கா பையனைத் தண்டையார்பேட்டையிலிருந்து வரவழைத்து, எது எது என்று சொல்லாமல் கேட்கவிட்டேன், பிறகு அவன் போட நான் கேட்டேன். பதிவு செய்ய வசதியில்லாதவர்கள் குறைந்தபட்சம் 400 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை போனிலிருந்து லைன் உள்ளீட்டில் கொடுத்து, ஸ்பீக்கர் முனையில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு வால்வுக்கும் அதே எண் வரும்படி வால்யூமைத் திருகிவிட்டுக் கேளுங்கள். இதைவிட அதிக ஹெர்ட்ஸ் உள்ள ஒலியை விலை குறைந்த மீட்டர்கள் பலவும் சரியாக அளக்காது.

கேட்டதில் எனக்குத் தெரிந்தது இது. என் செட்டில் பவர் வால்வை மாற்றுவதால் வந்த வித்தியாசம் மிகச் சின்னது. புது ஈஎல்84-க்கும், அதற்கு ஈடான சோவியத் காலத்து 6பி14பி-ஈவி-க்கும் நடுவே, தவிலின் தொப்பிப் பக்கம் இறுக்கமாகக் கேட்கிறது என்று நான் முன்பு சத்தியம் செய்திருப்பேன். அளவைச் சமமாக்கிய பிறகு என்னாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை, அக்கா பையனும் பாதி சரி, பாதி தப்பு என்றுதான் சொன்னான். "மாமா, ரெண்டும் ஒண்ணுதான்" என்று அவன் கையை விரித்தபோது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அதுதான் உண்மை. இந்த மாதிரி செட்டுகளில் அவுட்புட்டிலிருந்து கொஞ்சம் சிக்னலை முன்னால் திருப்பி அனுப்பும் ஃபீட்பேக் இருக்கிறது. அதன் வேலையே வால்வுக்கு வால்வு இருக்கும் வேறுபாட்டை அமுக்குவது. ஃபீட்பேக் இல்லாத செட் வைத்திருப்பவர்களுக்கு வித்தியாசம் கூடுதலாகக் கேட்கும்.

தட்டு ஊசியிலிருந்து வரும் மில்லிவோல்ட் அளவு சிக்னலை முதலில் வாங்கிப் பெருக்குகிற ஈசிசி83 இருக்கிறதே, அங்கேதான் வித்தியாசம் நிஜமாகக் கேட்டது. முக்கியமாக இரைச்சலில். வீணைத் தட்டில் நாதம் தேய்ந்து முடியும் இடம், ஒரு வால்வில் கடைசிவரை கேட்டது, இன்னொன்றில் இரைச்சலுக்குள் முன்பே மூழ்கிவிட்டது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் வால்வுகளில் ஒரு ஜோடி, என்னிடம் இருந்த எல்லாவற்றையும்விட அமைதியானது, அசல் முல்லார்டைவிடவும். அதே பெட்டியில் வந்த இன்னொன்று புஸ்ஸென்று இரைந்தது. ஜேஜேக்குள்ளும் அப்படித்தான். கம்பெனிக்குக் கம்பெனி இருந்த வித்தியாசத்தைவிட, ஒரே கம்பெனியின் இரண்டு வால்வுகளுக்கு நடுவே இருந்த வித்தியாசம்தான் எனக்குப் பெரிதாகக் கேட்டது. முல்லார்டில் பெண் குரல் கொஞ்சம் நெருங்கி வந்து பாடுவது போல எனக்குத் தோன்றியது உண்டு. அதற்காக ஒரு வால்வுக்கு ₹10,000 கொடுப்பீர்களா என்று கேட்டால், மாட்டேன்.

இன்னொரு வித்தியாசம் அதிர்வு. நீண்ட பிளேட் கொண்ட ஈசிசி83 ஒன்று மிகத் திறந்த ஒலியோடு பாடியது, எனக்குப் பிடித்தது. ஆனால் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை நகரும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ஊம் என்று ஒரு முனகல். வால்வுக்குள் இருக்கும் மெல்லிய உறுப்புகள் ஆடினால் அந்த ஆட்டமே சிக்னலாகிவிடும். சோதிக்கப் பென்சிலின் ரப்பர் முனையால் வால்வை மெதுவாகத் தட்டுங்கள். லேசான டொக் கேட்டால் பரவாயில்லை. டிங் என்று மணி போல ஒலித்துத் தேய்ந்தால் அதை முதல் இடத்தில் போடாதீர்கள். என்னுடையதை லைன் பகுதிக்கு, அதாவது முதல் வால்வுக்கு அடுத்த கட்டத்துக்கு, மாற்றினேன், அங்கே சிக்னல் பெரிது என்பதால் தொந்தரவில்லை. வால்வு வாங்கும்போது தட்டிப் பார்க்கச் சம்மதிக்காத கடையில் முதல் இடத்துக்கான வால்வை வாங்க வேண்டாம்.

பெயரில் நெருங்கி இருப்பதெல்லாம் ஈடாகாது என்பதையும் சொல்ல வேண்டும். ஈசிசி83-ன் அமெரிக்கப் பெயர் 12ஏஎக்ஸ்7, பெருக்கும் திறன் 100. 12ஏடி7-க்கு 60, 12ஏயூ7-க்கு 20-க்கும் குறைவு. கால்கள் ஒன்றே என்பதால் செருகலாம், பாடும், ஆனால் அவை இரண்டும் மில்லியாம்பியர் கணக்கில் அதிகக் கரண்டை எதிர்பார்ப்பவை, ஈசிசி83-க்கு வைத்த ரெசிஸ்டர்களில் சரியாக உட்காராது. அக்கா பையன் தயங்காமல் கண்டுபிடித்த ஒரே மாற்றம் 12ஏடி7 போட்டதுதான். அதை இதமான ஒலி என்று சிலர் விரும்புவார்கள், எனக்கு வீணையின் ஓரம் மழுங்கியது போல இருந்தது. சத்தம் கூடுதலாக இருக்கிறது, கொஞ்சம் குறைக்க வேண்டும் என்றால் 70 திறன் கொண்ட 5751 நல்ல மாற்று. சோவியத் 6என்2பி-யை மட்டும் கடைக்காரர் "அதே வால்வுதான்" என்று சொன்னாலும் வாங்காதீர்கள். திறன் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஹீட்டர் இணைப்பு வேறு. சில செட்டில் எரியவே எரியாது, 12.6 வோல்ட் இணைப்புள்ள செட்டில் ஹீட்டருக்கு இரண்டு மடங்கு வோல்டேஜ் போய்க் கருகிவிடும்.

இப்போது என் செட்டில் முதல் இடத்தில் அந்த அமைதியான பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஜோடி, ஒன்றுக்கு ₹600. மற்ற இரண்டு இடத்தில் ஜேஜே. பவர் வால்வுகள் இரண்டாவதாக வாங்கிய நான்கில் பிழைத்த மூன்றும், அளவு ஒத்துப்போகிற மாதிரி தேடி வாங்கிய நான்காவதும். ஒவ்வொரு பவர் வால்வின் கரண்டும் ஓடுகிற கேத்தோடு ரெசிஸ்டரிலும் வோல்டேஜ் அளந்து நோட்டில் எழுதி வைக்கிறேன். என் செட்டில் 10 முதல் 11 வோல்ட் வரும், படிப்படியாக இறங்கினால் வால்வு களைக்கிறது, ஏறினால் கண்டன்சரைப் பார்க்க வேண்டும். மிச்சமிருக்கும் வால்வுகளைத் தனித்தனியாகத் தாளில் சுற்றி, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன். அளந்த தேதியையும் எண்ணையும் கண்ணாடியில் எழுத வேண்டாம், பழைய அச்சு அழிந்துவிடும், சுற்றிய தாளில் எழுதுங்கள். பொட்டலம் நிறம் மாறியதும் புதிதாக ஒன்று போட்டுவிடுங்கள், எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் அது சீக்கிரமே நிறம் மாறிவிடும்.